கைப்பையில் ஒரு மடக்குக் கத்தி

பல் உடைந்ததால்தான் நான் கத்தி வாங்கினேன்.

ஒரு சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறி, மாம்பலம் தாண்டியதும் பசி வந்துவிட்டது. கைப்பையில் ஒரு வேர்க்கடலைப் பாக்கெட் கிடந்தது. ஓரத்தில் 'இங்கே கிழிக்கவும்' என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். அங்கே இழுத்தால் பிளாஸ்டிக் நீண்டதே தவிர கிழியவில்லை. வழக்கம்போல் கோரைப்பல்லிடம் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தேன். பாக்கெட் கிழிந்தது. கூடவே, கடலையைவிடக் கெட்டியான ஏதோ ஒன்று நாக்கில் உருண்டது. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால், என் பல்லின் ஒரு மூலை.

மேற்குத் தாம்பரத்தில் நான் போன பல் டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எதைக் கடிச்சீங்க ஆன்ட்டி?"

"எதையும் கடிக்கலம்மா. கவர் பிரிச்சேன்."

அவள் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, சிரித்து முடித்தபிறகுதான் திரும்ப உள்ளே விட்டாள். உடைந்த பல்லுக்குத் தொப்பி மாதிரி ஒன்றைச் செய்து மாட்டினாள். போகும்போது, "இனிமே பால் கவர், நூல், டேப், எதையும் வாய்கிட்ட கொண்டு போகக் கூடாது" என்றாள்.

"நூலைப் பத்தி நான் சொல்லவே இல்லையே?"

"முன்பல்லைப் பாத்தாலே தெரியுது ஆன்ட்டி. நூல் கடிச்சு கடிச்சு நடுவுல குழி விழுந்திருக்கு."

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். குழி இருந்தது. இத்தனை வருஷம் தினமும் பல் தேய்த்தும் எனக்குத் தெரியாத குழி.

அதன்பிறகுதான் ஒரு நாளைக்கு எத்தனை வேலைக்குப் பல்லைக் கூப்பிடுகிறேன் என்பது புரிந்தது. காலையில் பால் கவர். ரயிலடியில் பூ வாங்கினால், நாலு பேருக்குப் பங்கு போட நாரைக் கடிப்பது. ஆபீசில் மாத்திரை அட்டை. புது ரவிக்கையின் விலைச்சீட்டைத் தொங்கவிட்டிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் நரம்பு. ஒவ்வொரு முறையும் கை தானாக வாய்ப்பக்கம் போகும். பாதி வழியில் டாக்டரின் முகம் ஞாபகம் வந்து நிற்கும்.

முதலில் கத்தரிக்கோல் வைத்துப் பார்த்தேன். அது பையின் உள்துணியைக் குத்திக் கிழித்து, என் சில்லறையையெல்லாம் துணிக்கும் தோலுக்கும் நடுவே அனுப்பிவிட்டது. அந்தப் பையோடு நடந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்டது.

"உனக்கு வேண்டியது ஒரு மடக்குக் கத்தி" என்றார் என் கணவர். அவர் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கருவி என்றாலே முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அன்று ராத்திரியே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். எங்கேயோ பனிக்காட்டில் தாடி வைத்த ஆட்கள் மடக்குக் கத்தியால் விறகு பிளந்தார்கள், மீன் அறுத்தார்கள், காரின் சீட் பெல்ட்டை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"நான் முடிச்சூர்ல எந்த விறகைப் பிளக்கப் போறேன்?" என்று கேட்டேன்.

"அவசரம்னு ஒண்ணு வந்துதுன்னா?"

"எனக்கு வர்ற அவசரமெல்லாம் மிக்சர் பாக்கெட்தான்."

அவர் கேட்கவில்லை. நாலு நாளில் பார்சல் வந்தது. பிரித்தால், கறுப்பாக ஒன்று. கைப்பிடி முழுக்க முதலை முதுகு மாதிரி சொரசொரப்பு. அலகில் பாதிக்கு ரம்பப்பல். வால்பக்கம், கார் கண்ணாடியை உடைப்பதற்காம், ஒரு கூர்முனை. கட்டைவிரலால் தள்ளினால் 'சடக்' என்று திறந்துகொள்ளும். கையில் வாங்கினால் அரைத் தேங்காய் கனம்.

அவர் மனம் நோகக் கூடாதென்று ஒரே ஒரு நாள் ஆபீசுக்குக் கொண்டு போனேன். எங்கள் செக்‌ஷனுக்கு வந்த ஒரு அட்டைப்பெட்டியைத் திறக்க அதை எடுத்தேன். 'சடக்'. என் பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பெட்டியில் இருந்தது பிரிண்டர் மை. அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் என்னிடம் எந்த ஃபைலையும் கேட்டு வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் அப்படிப் பிழைக்க முடியாது. கத்தியை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கான கத்தியை நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை குரோம்பேட்டையில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் பாத்திரமும் பூட்டும் கயிறும் சேர்த்து விற்கிற ஒரு கடைக்குப் போனேன். வாசலில் கொய்யாப்பழ வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏதோ தோன்றி, நாலு கொய்யாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஏறினேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர். மடக்குக் கத்தி என்றதும், "சாருக்கா மேடம்?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உள்ளே போய், ரோஜா நிறத்தில் உதட்டுச்சாயக் குழாய் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். மூடியைத் திருகினால் உள்ளிருந்து நகத்தளவு பிளேடு எட்டிப் பார்த்தது. "லேடீஸ் ஐட்டம். ரொம்ப மூவிங்."

"இதால எதை வெட்டறது?"

அவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலையே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பிறகு ஒரு தட்டு நிறையக் கத்திகளை எடுத்துவைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு என்ன வேண்டும் என்பது, வேண்டாததைத் தள்ளத் தள்ளத்தான் தெரிந்தது. சிலதில் அலகைத் திறக்க நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. எனக்கு நகம் வளராது, பாத்திரம் கழுவுகிற கை. சிலது சுலபமாகத் திறந்தன, ஆனால் லேசாக அழுத்தினாலே திரும்ப மடங்கப் பார்த்தன. அது விரலுக்கு ஆகாது. ஒன்றில் அலகு வலமும் இடமும் ஆடியது, தொளதொளத்த கதவு மாதிரி. இன்னொன்றில் கத்தியோடு ஸ்பூன், முள்கரண்டி, பாட்டில் திறப்பான், காது குடைகிற குச்சி எல்லாம் இருந்தது. எதைப் பிடித்து இழுத்தாலும் காது குடைகிற குச்சிதான் வந்தது.

கடைசியில் மூன்று மிஞ்சின. "வெட்டிப் பாத்துக்கலாமா?" என்று கேட்டேன். அவர் பழைய பேப்பர் ஒன்றை நீட்டினார். நான் கொய்யாவை எடுத்தேன்.

"இது நல்லா இருக்கே" என்று அவர் கத்திகளைத் துடைத்துக் கொடுத்தார்.

முதல் கத்தி கொய்யாவுக்குள் போய் விதைக்கட்டில் நின்றுவிட்டது. இரண்டாவது வெட்டியது, ஆனால் துண்டு கோணலாகப் போனது. மூன்றாவதன் அலகு என் ஆட்காட்டி விரலைவிடச் சின்னது. மரக் கைப்பிடி, தேன் நிறம். அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கி அடியில் வந்து நின்றது. சந்தேகத்துக்கு இன்னொரு பழம் வெட்டினேன். அதற்குள் கயிறு வாங்க வந்த ஒருவரும் எங்களோடு நின்றுவிட்டார். கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து மிளகாய்ப்பொடி கலந்த உப்பை ஒரு தாளில் எடுத்து வந்தார். ஏன் அதைக் கல்லாவில் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. நாலு பழமும் தீர்ந்தன.

"மூணாவதுதான்க்கா" என்றார் கயிறு வாங்க வந்தவர், வாயில் கொய்யாவோடு. "துண்டு சமமா வுழுது பாரு."

மேடம் போய் அக்கா வந்திருந்தது. மூன்றாவதையே வாங்கினேன்.

அதை உபயோகிக்கப் பழக ஒரு வாரம் ஆயிற்று. திறப்பது சுலபம், மூடுவதில்தான் விஷயம் இருக்கிறது. அலகின் வேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை அழுத்தினால்தான் மடங்கும். அழுத்துகிற கட்டைவிரல் அலகு வருகிற பாதையில் நிற்கக் கூடாது. இரண்டாம் நாளே நின்றது. பெரிய காயமில்லை, பிளாஸ்டர் போடுகிற அளவு. என் கணவர் அதைக் கட்டிவிடும்போது அடக்கமாக இருக்கப் பார்த்தார். "வீடியோல முதல் விஷயமா இதைத்தான் சொன்னான்" என்று மட்டும் சொன்னார்.

கொய்யாவோ மாங்காயோ நறுக்கினால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அலகு கறுக்கிறது. பையின் அடியிலிருக்கும் தூளெல்லாம் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பல்குத்தும் குச்சியால் எடுக்க வேண்டும். கூர் மழுங்கினால், பீங்கான் கப்பைக் கவிழ்த்து அதன் அடி விளிம்பில், பளபளப்புப் பூசாத சொரசொரப்பில், மெதுவாகச் சாய்த்து இழுத்தால் போதும். இதுவும் தாடிக்காரர் சொல்லிக்கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என் கத்தியை ஒரு கப்பிலும் அவர் தன் கறுப்புக் கத்தியை இன்னொரு கப்பிலும் தேய்த்துக்கொண்டிருப்போம். காபி ஆறிக்கொண்டிருக்கும்.

ஆயுதபூஜைக்கு இரண்டையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். கூடவே அரிவாள்மணை, கத்தரிக்கோல், காய்கறிக் கத்தி எல்லாம் போய்ச் சேர்ந்தன. மறுநாள் எடுக்கிறவரை எதையும் தொடக் கூடாது. பூஜை முடிந்து சமையலறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சாம்பாருக்கு ஒரு காய்கூட நறுக்கி வைக்கவில்லை என்று. அன்று எங்கள் வீட்டில் வெண்டைக்காய் கையால் ஒடித்த சாம்பார்.

ரயிலில்தான் கத்திக்கு உண்மையான வேலை. தாம்பரத்தில் வண்டி புறப்படுகிற இடத்திலேயே ஏறுவதால் எனக்கு எப்போதும் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஜன்னல் சீட் கிடைக்கும். எதிர்சீட்டில் ஓர் அக்கா. கிழக்குத் தாம்பரத்திலிருந்து வருவார், சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. பல வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து போகிறோம். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக் எனக்கு வரும், பொங்கலுக்கு என் வீட்டுக் கரும்பு அவருக்குப் போகும். வீட்டுக்குத்தான் போனதில்லை. அவருடைய ஒரே மகளுக்குச் சளி பிடித்தால்கூட எனக்குத் தெரியும்.

அந்த அக்காவுக்குக் கத்தியைக் கண்டாலே பிடிக்கவில்லை. முதல் நாள் நான் வெள்ளரிக்காய் நறுக்க எடுத்ததும், முழங்காலை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, பொம்பள பையில குடை இருக்கலாம், பைபிள் இருக்கலாம், டிபன் டப்பா இருக்கலாம். கத்தி எதுக்கு?"

"வெள்ளரிக்காய்க்குத்தான்க்கா."

"வெள்ளரிக்காயை வீட்லயே நறுக்கிட்டு வா."

"நறுக்கிட்டு வந்தா தண்ணி விட்டுடுதுக்கா."

"விட்டா விடட்டும். வண்டி ஆடற ஆட்டத்துல யாருக்காவது குத்திச்சுன்னா?"

அதனால் வண்டி நிற்கும்போது மட்டும் நறுக்குவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பல்லாவரத்தில் பாதி, திரிசூலத்தில் மீதி. அக்கா தவிர மற்ற எல்லோரும் கத்தியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பிரஷர் மாத்திரையை இரண்டாக வெட்ட ஒருவர். பூச்சரத்தைப் பங்கு போட ஒருவர். கல்லூரிப் பெண் ஒருத்தியின் சுடிதாரில் கடைக்காரன் கழற்ற மறந்த விலைச்சீட்டு. "அந்தக் கத்தி ஆன்ட்டி வந்துட்டாங்களா?" என்று வாசல்பக்கமிருந்து குரல் வரும். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் மீனம்பாக்கத்தில் ரயில்வே போலீஸ் பெண் ஒருவர் ஏறினார். என் கையில் திறந்த கத்தி, மடியில் பாதி மாங்காய்.

"இன்னாம்மா இது?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், 'நான் சொன்னேனே' என்பது முழுசாக இருந்தது.

"மாங்கா நறுக்கறேன் மேடம்."

அவர் கத்தியை வாங்கி மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "கூட்டம் ஏறும்போது உள்ள வெச்சுடணும். யாராவது கம்ப்ளெயிண்ட் குடுத்தா எனக்குத்தான் பேஜாரு." திருப்பிக் கொடுத்துவிட்டு நகரப் போனவர், நின்று தன் சட்டைக் கையைக் காட்டினார். பட்டன் கிட்டே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. "இத்த மட்டும் கட் பண்ணிடு." வெட்டிவிட்டேன். கிண்டியில் இறங்கும்போது ஒரு கீற்று மாங்காயும் அவரோடு இறங்கியது.

தை மாதத்தில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. மதியம் சர்ச்சில் கல்யாணம், சாயங்காலம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹாலில் ரிசெப்ஷன். நான் பட்டுப்புடவை கட்டி, சின்னப் பர்ஸ் ஒன்றை எடுத்தேன். பழக்கத்தில் கை கத்தியை எடுத்து அதில் போட்டது. பிறகு யோசித்தேன். அந்த அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய் இது எதற்கு? எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன்.

ஹாலில் மேடைக்கு நடுவே கேக் நின்றது. மூன்று அடுக்கு, வெள்ளை, ஓரமெல்லாம் சர்க்கரைப் பூ. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றாயிற்று. பாஸ்டர் வந்துவிட்டார். போட்டோக்காரர் லைட் போட்டுவிட்டார். அப்போதுதான் மேடையில் ஒரு சலசலப்பு. கேக்கை இறக்கிவிட்டுப் போனவர்கள் கத்தி இருந்த பெட்டியை மட்டும் வண்டியிலேயே கொண்டுபோய்விட்டார்கள். போன் போட்டால், வண்டி பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கிறதாம்.

யாரோ சமையல்கட்டுக்கு ஓடினார்கள். அங்கிருந்து ஒரு சமையல்காரர் பெரிய கத்தியோடு வந்தார். "அக்கா, எங்ககிட்ட இதான் கீது. காலைலருந்து வெங்காயம் அரிஞ்சுகினு கீறோம். சோப்பு போட்டுக் கழுவனாலும் வாசன போவாது, இப்பவே சொல்லிட்டேன்." அக்கா அதை மோந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கல்யாணத்தில் அதுவரை அழாதவர்.

பிறகு மேடையிலிருந்து இறங்கி, நேராக என் வரிசைக்கு வந்தார். பட்டுப்புடவையும் வியர்வையுமாகக் குனிந்து என் காதருகே கேட்டார்.

"உன் பையில அது இருக்கா?"

"இல்லக்கா."

"தினமும் இருக்குமே."

"உங்க வீட்டு விசேஷம்னு வெச்சுட்டு வந்தேன்."

அக்கா நிமிர்ந்தார். "நல்ல நாள் பாத்து நல்லவளாயிட்ட" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்துவிட்டது. அதற்குள் பக்கத்து நாற்காலி காலியாகியிருந்தது. என் கணவர் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது.

திரும்பி வரும்போது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது, பூங்கொத்தை மறைத்துக்கொண்டு வருகிற மாதிரி. "வண்டில ஒண்ணு இருக்கும்மா" என்று அக்காவிடம் சொல்லி, கட்டைவிரலால் தள்ளினார். 'சடக்'. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் வேறு வழியில்லை. சமையல்கட்டில் வெந்நீரில் கழுவித் துடைத்தோம். மேடை அலங்காரத்திலிருந்து வெள்ளை சாட்டின் ரிப்பனை உருவி, முதலைமுதுகு தெரியாமல் கைப்பிடி முழுக்கச் சுற்றி, மேலே ஒரு முடிச்சுப் போட்டேன். ரம்பப்பல்லை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாப்பிள்ளை அதை வாங்கியதும் முகமெல்லாம் பல்லாக, "அங்கிள், இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தார். முடித்துக் கண்ணைத் திறந்தவர், கத்தியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடி இன்னும் இரண்டு வரி ஜெபம் சேர்த்துக்கொண்டார்.

கேக்கின் மேலே சர்க்கரை நன்றாக இறுகியிருந்தது. வழுவழு கத்தியாக இருந்திருந்தால் வழுக்கியிருக்கும், இல்லை நொறுக்கியிருக்கும். ரம்பப்பல் பட்டதும் ஒரு கோடு விழுந்து, அதன்வழியே கத்தி அழகாக இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். "அதுக்குத்தான் அந்த ரம்பம்" என்று என் கணவர் பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை.

கூட்டம் குறைந்த பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். கையில் பிரியாணித் தட்டு, ஆனால் சாப்பிடவில்லை.

"இவ ரெண்டு வயசுல ஒரு பிளேடை எடுத்து உள்ளங்கையைக் கிழிச்சுக்கிட்டா" என்றார். "நான் துணி காயப் போட மாடிக்குப் போயிருந்தேன், அவ்வளவுதான். அன்னைக்கு எங்க வீட்ல கூர்மையா இருந்ததெல்லாம் மேல் ஷெல்ஃபுக்குப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அங்கதான் இருக்கு. வெங்காயம் நறுக்கணும்னா நான் ஸ்டூல் போட்டு ஏறறேன்."

"இன்னைக்கு வரைக்குமா?"

"அவ என்னைவிட ஒரு சாண் உயரம். வீட்ல இருந்தா அவளே கை நீட்டி எடுத்துக் குடுப்பா. ரெண்டு பேருமே அதை யோசிச்சதில்ல." தட்டில் ஒரு எலும்பைத் தள்ளி வைத்தார். "நாளைக்குக் காலைல பெங்களூர் போறா. ஸ்டூல் போட்டு ஏற எனக்கு முட்டி வலிக்குது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வர்றியா? எல்லாத்தையும் இறக்கிடலாம்."

போனேன். அதுதான் அவர் வீட்டுக்கு நான் முதல்முறை போனது. சின்ன வீடு, சமையலறை அதைவிடச் சின்னது. நான் ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அக்கா கீழே நின்று வாங்கித் தரையில் பழைய துணி மேல் பரப்பினார். காய்கறிக் கத்திகள் மட்டும் ஏழெட்டு இருந்தன. மேலே என்ன இருக்கிறதென்று மறந்து மறந்து புதிது வாங்கியிருக்கிறார். இரண்டு இன்னும் அட்டையிலிருந்தே பிரிக்கப்படவில்லை. கத்தரிக்கோல்கள். தேங்காய்த் துருவி. கல்யாணமான புதிதில் அவர் கணவர் ஏதோ ஊருக்குப் போனபோது வாங்கி வந்த ஒரு மடக்குக் கத்தி, திறக்கவே முடியாமல் துரு ஏறி. ஒரு டப்பா ஊக்கு. ஒரு நெயில்கட்டர். கடைசியாக, உள்மூலையிலிருந்து ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ், அதற்குள் காம்பஸ்.

அக்கா மகளுக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் காட்டினார். அந்தப் பெண் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, என் காம்பஸ் அங்கயா இருந்துது? அதுக்காக மேத்ஸ் மிஸ் என்னை ஒரு பீரியட் முழுக்க வெளிய நிக்க வெச்சாங்க."

"குத்திடும்னு எடுத்து வெச்சேன்."

"நான் எய்த்து படிச்சேன்மா அப்போ." அவள் சிரித்தாள். பின்னால் மாப்பிள்ளை எதையோ கேட்பது காதில் விழுந்தது. "அம்மா, இங்க தக்காளி நறுக்கக்கூட ஒண்ணும் இல்ல. அதுல ஒண்ணு குடுத்து அனுப்பறியா? அப்பா அடுத்த வாரம் வர்றாங்கல்ல?"

அக்கா போனை என்னிடம் கொடுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலைக் குறுக்கே வைத்துக் கூர் பார்த்தார். வேண்டாமென்று கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.